மாடல் ரயில் சிக்னலுக்கு கன்ட்ரோல் பேனல் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் மாடல் ரயில் வைத்திருப்பவர்கள் சிக்னல் பக்கம் வந்ததும் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன.

எல்லாப் பதிலுக்கும் ஒரே ஸ்டேஷனை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஒற்றைப் பாதையில் கிராசிங்குக்காக ரயில் நிற்குமே, அந்த மாதிரிச் சின்ன ஸ்டேஷன்: ஒரு மெயின் லைன், அதிலிருந்து பிரிந்து மறுபடி அதிலேயே சேரும் ஒரு லூப் லைன், இடது வலது முனைகளில் ரயிலை இரண்டில் ஒரு லைனுக்குத் திருப்புகிற ஒவ்வொரு பாயிண்ட். ஒவ்வொரு திசைக்கும் ஒரு டிஸ்டன்ட் (தூரத்திலேயே முன்னறிவிப்புக் கொடுக்கும் சிக்னல்), ஒரு ஹோம் (ஸ்டேஷனுக்குள் வர விடும் சிக்னல்), மெயினுக்கும் லூப்புக்கும் தனித்தனி ஸ்டார்ட்டர் (ஸ்டேஷனை விட்டுக் கிளம்ப விடும் சிக்னல்). அளவு எச்ஓ, அதாவது 1:87.

1. கன்ட்ரோல் பேனல்னா என்ன? ஸ்விட்ச் போர்டு மாதிரிதானே?

இல்லை. ஸ்விட்ச் போர்டில் ஸ்விட்சைப் போட்டால் விளக்கு எரியும், அவ்வளவுதான். சிக்னல் பேனலில் பட்டன் என்பது ஒரு விண்ணப்பம். "இடது ஹோமில் இருந்து லூப்புக்கு வழி கொடு" என்று நீங்கள் கேட்கிறீர்கள். பாயிண்ட் சரியாக இருக்கிறதா, லூப் காலியாக இருக்கிறதா, எதிரே வேறு ரயிலுக்கு வழி கொடுத்திருக்கிறோமா என்று பார்த்துவிட்டு சிக்னலை எடுப்பதா (அதாவது 'போகலாம்' என்று காட்டுவதா) வேண்டாமா என்று முடிவு செய்வது உள்ளே இருக்கிற இன்டர்லாக்கிங். பேனலில் எரியும் விளக்குகள் நீங்கள் கேட்டதைக் காட்டாது, பாதையில் உண்மையில் நடந்ததைக் காட்டும்.

இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

2. எனக்கு எலக்ட்ரானிக்ஸ் சுத்தமா தெரியாது. ஆரம்பிக்கலாமா?

தாராளமாக. சால்டரிங் வைக்கவும், மல்டிமீட்டரில் வோல்ட்டும் தொடர்ச்சியும் பார்க்கவும், ஓம் விதியில் ஒரு கழித்தல் ஒரு வகுத்தல் போடவும் தெரிந்தால் போதும். சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவில் தேவையான எல்லாமே கிடைக்கும். முதலில் ஒரே ஒரு ஹோம் சிக்னல், அதற்கு ஒரு பட்டன், ஒரு டிராக் சென்சார், இவ்வளவு மட்டும் பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் சொருகிப் பார்க்கிற பலகையில்) ஓடட்டும். அது ஓடாமல் பலகையில் ஓட்டை போடாதீர்கள்.

ஒரு கண்டிப்பு: 230 வோல்ட் பேனலுக்குள் வரவே கூடாது. நல்ல 12 வோல்ட் அடாப்டர் வெளியே இருக்கட்டும், உள்ளே 12 வோல்ட்டும் அதிலிருந்து வோல்ட்டைக் குறைக்கிற பக் கன்வெர்ட்டர் வழியாக எடுத்த 5 வோல்ட்டும் மட்டும். நுழைகிற இடத்தில் ஒரு ஃப்யூஸ். பிள்ளைகள் கை வைக்கிற பொருள் இது.

3. நம்ம ரயில்வேல சிக்னல் எப்படி எரியும்னு ஒரு தடவை தெளிவா சொல்லுங்க.

கலர் லைட் சிக்னலில் நான்கு நிலை: சிவப்பு என்றால் நில். ஒற்றை மஞ்சள் என்றால் போகலாம், ஆனால் அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராகப் போ. இரட்டை மஞ்சள் என்றால் அடுத்த சிக்னலைக் குறைந்த வேகத்தில் கடக்கத் தயாராக இரு. பச்சை என்றால் தடையில்லை. டிஸ்டன்ட் சிக்னலில் சிவப்பே கிடையாது, அதன் மிகக் கடுமையான நிலை ஒற்றை மஞ்சள்தான், கம்பத்தில் 'P' என்ற எழுத்துத் தகடு இருக்கும்.

நம் ஸ்டேஷனில் இது இப்படி வரும். ஹோம் சிவப்பாக இருந்தால் டிஸ்டன்ட் ஒற்றை மஞ்சள். ரயில் ஸ்டேஷனில் நிற்க வேண்டும் என்றால் ஹோம் மஞ்சள், டிஸ்டன்ட் இரட்டை மஞ்சள். மெயின் லைனில் நிற்காமல் ஓடிப்போகிற ரயிலுக்கு ஸ்டார்ட்டர் பச்சை, ஹோம் பச்சை, டிஸ்டன்ட்டும் பச்சை. லூப்புக்குள் போகும் ரயிலுக்கு ஹோமில் மஞ்சளோடு சேர்த்து மேலே சாய்வாக ஐந்து வெள்ளை விளக்குகள் வரிசையாக எரியும், அது ரூட் இண்டிகேட்டர். கிட்டத்தில் நின்று பார்த்தால் அதைவிட அழகான சிக்னல் கிடையாது, மாடலில் அதை விட்டுவிடாதீர்கள்.

அசலில் டிஸ்டன்ட் ஹோமுக்கு 1 கிலோமீட்டர் முன்னால் இருக்கும். எச்ஓ அளவில் அதுவே பதினொன்றரை மீட்டர், யார் வீட்டிலும் அவ்வளவு நீளம் இருக்காது, எனவே தூரத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள். நிறங்களின் வரிசையைச் சுருக்காதீர்கள்.

4. பலகை எதுல செய்யலாம்? ஸ்டேஷன் மாஸ்டர் ரூம்ல இருக்குற மாதிரியே வரணும்.

அங்கே இருப்பது டோமினோ வகைப் பேனல், சின்னச் சின்னக் கட்டங்களைச் சேர்த்து வைத்த முகப்பு. பாதையை மாற்றினால் கட்டத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது அதன் வசதி. மாடலுக்கு 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் போதும்: பாதை வரைபடத்தைக் கணினியில் வரைந்து, வினைல் ஸ்டிக்கராக அச்சடித்துப் பின்பக்கம் ஒட்டி, 3 மில்லிமீட்டர் எல்இடிக்கும் பட்டனுக்கும் துளை போடுங்கள். அக்ரிலிக்கில் அவசரமாக டிரில் பண்ணினால் விரிசல் விடும், அடியில் மரத்துண்டு வைத்து மெதுவாகப் போட வேண்டும். லேசர் கட்டிங் கடை பக்கத்தில் இருந்தால் அங்கேயே கொடுத்துவிடுவது நல்லது.

தண்டவாளத்தைப் பல துண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு துண்டும் ஒரு டிராக் செக்‌ஷன். பாதைக் கோட்டில் ஒவ்வொரு டிராக் செக்‌ஷனுக்கும் இரண்டு நிறம் வேண்டும். ரூட் போட்டு (ஒரு ரயிலுக்கு வழி ஒதுக்கி) லாக் ஆனால் வெள்ளை, ரயில் ஏறினால் சிவப்பு, எதுவும் இல்லையென்றால் அணைந்திருக்கும்.

5. எல்இடிக்கு எத்தனை ஓம் ரெசிஸ்டர்? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

ஆளுக்கொன்று சொல்வதற்குக் காரணம், ஒவ்வொருவரும் வேறு வோல்ட்டில் ஓட்டுகிறார்கள். கணக்கு இதுதான்: சப்ளை வோல்ட்டில் எல்இடியின் வோல்ட்டைக் கழித்து, வேண்டிய ஆம்பியரால் வகுக்கவும். சிவப்பு, மஞ்சள் எல்இடிகள் 2 வோல்ட் அளவில் எடுக்கும், இப்போது வருகிற பளீர் பச்சையும் வெள்ளையும் 3 வோல்ட் அளவில் எடுக்கும். 12 வோல்ட்டில் சிவப்பு, 10 மில்லி ஆம்பியர் என்றால் 10 வோல்ட்டை 0.01ஆல் வகுத்து 1 கிலோ ஓம்.

ஆனால் 10 மில்லி ஆம்பியர் அறைக்குள் பார்க்க அதிகம். பேனல் விளக்குகளுக்கு 5 வோல்ட்டில் 1 கிலோ ஓம் போட்டால் சிவப்புக்கு 3 மில்லி ஆம்பியர் கிடைக்கும், அதுவே கண்ணுக்கு இதமாக இருக்கும். இன்னொன்று, நாலைந்து எல்இடிக்குச் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போட்டு மிச்சம் பிடிக்காதீர்கள். ஒன்று எரியும்போதும் மூன்று எரியும்போதும் வெளிச்சம் மாறும்.

6. எல்லாத்துக்கும் ஒரே ரெசிஸ்டர்தான் போட்டேன். பச்சை மட்டும் கண்ணைக் குத்துது, ஏன்?

நம் கண் பச்சைக்குத்தான் அதிகம் கூசும். அதோடு இன்றைய பச்சை எல்இடிகள் அதே கரண்டில் சாதாரண சிவப்பை, மஞ்சளைவிட அதிக வெளிச்சம் தருகின்றன. பச்சைக்கு மட்டும் 4.7 கிலோ ஓம், வேண்டுமானால் 10 கிலோ ஓம் வரை போய்ப் பாருங்கள். இருட்டிலும் பகலிலும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இரட்டை மஞ்சளில் இரண்டும் ஒரே அளவு எரிய வேண்டும், அதனால் ஒரே பாக்கெட்டில் இருந்து எடுங்கள்.

7. ஆர்டுயினோ ஊனோல இருக்கறதே 20 பின். அம்பது லைட்டுக்கு என்ன பண்றது? மெகா வாங்கிடவா?

ஆர்டுயினோ என்பது நாம் புரோகிராம் எழுதி ஓட்டுகிற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை, ஊனோவும் மெகாவும் அதன் வகைகள். முதலில் எண்ணிப் பார்ப்போம். ஒரு திசைக்கு டிஸ்டன்ட் 3, ஹோம் 3, ரூட் இண்டிகேட்டர் 1, ஸ்டார்ட்டர்கள் இரண்டுக்கும் சிவப்பு பச்சை என 4, ஆக 11. இரண்டு திசைக்கு 22. பேனலில் ஆறு டிராக் செக்‌ஷனுக்கு 12, பாயிண்ட் நிலைக்கு 4, எட்டு சிக்னலுக்கும் ரிப்பீட்டர் விளக்கு (சிக்னலின் நிலையைப் பேனலில் காட்டுவது) இரண்டிரண்டாக 16. மொத்தம் 54. மெகாவில் டிஜிட்டலும் அனலாக்கும் சேர்த்து 70 பின் இருக்கிறது, ஆனால் பட்டன், சென்சார் எல்லாம் சேர்ந்தால் அதுவும் நிரம்பிவிடும், இன்னொரு லைன் சேர்க்க இடமிருக்காது.

74எச்சி595 ஷிஃப்ட் ரெஜிஸ்டர் போடுங்கள். ஒன்றில் 8 வெளியீடு, ஒன்றன் பின் ஒன்றாகச் சங்கிலி போட்டுக்கொண்டே போகலாம், எத்தனை சேர்த்தாலும் ஆர்டுயினோவில் 3 பின்தான் செலவு. 54 விளக்குக்கு 7 சிப். உள்ளே வருகிற பட்டன்களுக்கும் சென்சார்களுக்கும் 74எச்சி165, மூன்று சிப் வைத்தால் 24 உள்ளீடு கிடைக்கும், நம் ஸ்டேஷனுக்கு அது போதும். ஒவ்வொரு சிப்பின் சப்ளைக் காலுக்குப் பக்கத்திலேயே 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்று, இதைத் தவறவிடாதீர்கள்.

595 சிப் முழுவதற்கும் சேர்த்து 70 மில்லி ஆம்பியர்தான் தாங்கும். பேனல் விளக்கை நேரடியாக ஓட்டலாம், 5ஆம் பதிலில் சொன்ன 3 மில்லி ஆம்பியர் கணக்கில் எட்டும் எரிந்தாலும் 24தான் ஆகிறது. லேஅவுட்டில், அதாவது ரயில் ஓடும் மாடலில், உள்ள சிக்னல்களை 12 வோல்ட்டில் ஓட்டுவதாக இருந்தால் நடுவே யுஎல்என்2803 டிரைவர் சிப் வேண்டும்.

8. ரெடிமேட் சிக்னல் வாங்கினேன், நீங்க சொன்ன சிப்ல மாட்டினா எரியவே மாட்டேங்குது.

யுஎல்என்2803 கரண்டைக் கீழே இழுக்கிற சிப். அதற்கு எல்லா எல்இடியின் பிளஸ் காலும் ஒன்றாகச் சேர்ந்த சிக்னல் வேண்டும், அதாவது காமன் ஆனோடு. உங்களுடையது மைனஸ் கால்கள் ஒன்றாகச் சேர்ந்த காமன் கேத்தோடாக இருக்கும். மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். காமன் கேத்தோடு என்றால் மேலிருந்து கொடுக்கிற டிரைவர் வேண்டும், யுடிஎன்2981 அல்லது டிபிடி62783 பாருங்கள். ஒரே லேஅவுட்டில் இரண்டு வகையையும் கலக்காமல் இருப்பதே நிம்மதி.

9. ரயில் எங்க இருக்குன்னு பேனலுக்கு எப்படித் தெரியும்?

மூன்று வழி உண்டு. தண்டவாளத்தைச் செக்‌ஷன் செக்‌ஷனாக வெட்டி, அதில் கரண்ட் ஓடுகிறதா என்று பார்ப்பது ஒன்று. அகச்சிவப்புக் கதிரை ரயில் மறைக்கிறதா என்று பார்ப்பது இன்னொன்று. பெட்டிக்கு அடியில் காந்தம் ஒட்டி, தண்டவாளத்தில் ரீட் ஸ்விட்சோ ஹால் சென்சாரோ வைப்பது மூன்றாவது. பின்னிரண்டும் ரயில் கடந்த ஒரு புள்ளியை மட்டும் சொல்லும். ரயில் நின்றுகொண்டே இருக்கிறதா என்பதை முதல் வழிதான் சொல்லும், இன்டர்லாக்கிங்குக்கு வேண்டியதும் அதுதான்.

கரண்ட் முறையில் ஒரு சிக்கல்: இன்ஜின் கரண்ட் எடுக்கும், பெட்டி எடுக்காது. பெட்டிகளை மட்டும் விட்டுவிட்டு இன்ஜின் போய்விட்டால் பேனலில் லூப் காலி என்று காட்டும். அதனால் பெட்டியில் ஒரு அச்சிலாவது, முக்கியமாகக் கடைசிப் பெட்டியில், இரண்டு சக்கரத்துக்கும் இடையே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒட்டி, கடத்தும் பெயிண்ட் தடவ வேண்டும். கொஞ்சம் பொறுமை வேண்டிய வேலை, ஆனால் கட்டாயம் செய்ய வேண்டியது.

அசல் ரயில்வேயில் இது தலைகீழாக நடக்கிறது. தண்டவாளம் வழியாக எப்போதும் கரண்ட் ஓடி ரிலேயைப் பிடித்து வைத்திருக்கும், சக்கரம் ஏறினால் ஷார்ட் ஆகி ரிலே விழும். ஒயர் அறுந்தாலும் பேட்டரி தீர்ந்தாலும் ரிலே விழுந்து "ரயில் இருக்கிறது" என்றே காட்டும். கோளாறு வந்தால் ஆபத்தில்லாத பக்கமாகவே சாய வேண்டும் என்ற இந்த எண்ணத்தை முடிந்த இடமெல்லாம் நம் பேனலிலும் கொண்டுவாருங்கள்.

10. பாயிண்ட்டுக்கு எந்த மோட்டார் நல்லது?

இரட்டைச் சுருள் சொலினாய்டு டக்கென்று அடித்துத் திருப்பும், ஒரு நொடியில் நிறையக் கரண்ட் இழுக்கும், அதற்குக் கெபாசிட்டர் டிஸ்சார்ஜ் யூனிட் வேண்டும். டார்ட்டாய்ஸ் மாதிரி மெதுவாக நகரும் மோட்டார் அழகு, உள்ளேயே இரண்டு ஸ்விட்ச் இருக்கிறது, ஆனால் விலை கூடுதல். எஸ்ஜி90 செர்வோ மலிவு, மெதுவாகவும் நகர்த்தலாம். புதிதாகக் கட்டுபவர்களுக்கு நான் செர்வோவையே சொல்வேன்.

செர்வோவுக்கான 5 வோல்ட்டை ஆர்டுயினோவில் இருந்து எடுக்காமல் தனி கன்வெர்ட்டரில் இருந்து கொடுங்கள். கிரவுண்டை மட்டும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். ஆன் செய்ததும் செர்வோ துள்ளுகிறது என்றால் புரோகிராமில் முதலில் நிலையை எழுதிவிட்டு அப்புறம் அட்டாச் செய்யுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும்.

11. பட்டனை அழுத்தினதும் பாயிண்ட் லைட்டை மாத்திட்டாப் போதாதா? எதுக்குத் தனியா ஃபீட்பேக் ஸ்விட்ச்?

போதாது. செர்வோ கம்பி கழன்றிருக்கலாம், ஒரு ஜல்லிக்கல் நாக்குத் தண்டவாளத்தில் மாட்டியிருக்கலாம். நீங்கள் கொடுத்த கட்டளையை மட்டும் வைத்து விளக்கு எரிந்தால் பேனல் பொய் சொல்கிறது. பாயிண்ட் கம்பி ஓரம் வரை போனால் அழுந்துகிற மாதிரி இரு பக்கமும் மைக்ரோ ஸ்விட்ச் வையுங்கள். இரண்டில் ஒன்று மட்டும் அழுந்தியிருந்தால்தான் பாயிண்ட் செட் ஆனதாக எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் அழுந்தவில்லை, அல்லது இரண்டும் அழுந்தியிருக்கிறது என்றால் பாயிண்ட் விளக்கு மின்னட்டும், சிக்னல் சிவப்பிலேயே இருக்கட்டும்.

12. ஏன் ரெண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தணும்? ஒண்ணு போதாதா?

அசல் பேனலில் எந்த சிக்னலில் இருந்து என்பதற்கு ஒரு பட்டன், எந்த லைனுக்கு என்பதற்கு ஒரு பட்டன், இரண்டையும் ஒருசேர அழுத்த வேண்டும். தெரியாமல் கை பட்டு ரூட் மாறாது என்பது ஒரு லாபம். இன்னொன்று, ரூட் ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டன் வைத்தால் பெரிய ஸ்டேஷனில் பலகை கொள்ளாது. நம் சின்ன ஸ்டேஷனுக்கும் இந்த முறையையே வையுங்கள், இயக்கும்போது கிடைக்கும் உணர்வே வேறு.

13. இன்டர்லாக்கிங்கை புரோகிராம்ல எப்படி எழுதறது? இஃப் எல்ஸ் போட்டுப் போட்டு எனக்கே புரியாமப் போச்சு.

இஃப் எல்ஸ்ஸில் தொடங்கினால் அப்படித்தான் ஆகும். முதலில் காகிதத்தில் ஒரு அட்டவணை போடுங்கள், ரயில்வேயிலும் கன்ட்ரோல் டேபிள் என்று ஒன்று போட்டுவிட்டுத்தான் ஒயரைத் தொடுவார்கள். ஒவ்வொரு ரூட்டுக்கும் ஒரு வரி. உதாரணமாக "இடது ஹோமில் இருந்து லூப்" என்ற வரியில்: இடது பாயிண்ட் லூப் பக்கம் இருக்க வேண்டும், இடது பாயிண்ட் செக்‌ஷனும் லூப் செக்‌ஷனும் காலியாக இருக்க வேண்டும், வலது ஹோமில் இருந்து லூப்புக்கு வருகிற ரூட்டும், இடது பக்கமாக வெளியே போகிற இரண்டு ரூட்டும் போட்டிருக்கக் கூடாது. நம் ஸ்டேஷனுக்கு உள்ளே வர நான்கு, வெளியே போக நான்கு, மொத்தம் எட்டு வரிதான். எட்டையும் அரேயாக எழுதிவிட்டால், சரிபார்க்கிற ஃபங்ஷன் ஒன்றே எல்லா ரூட்டுக்கும் போதும்.

புரோகிராமில் திரும்பத் திரும்ப ஓடுகிற லூப் (லூப் லைன் அல்ல) ஒவ்வொரு சுற்றிலும் இதே வரிசையில் ஓடட்டும்: உள்ளீடுகளைப் படி, ரூட் விண்ணப்பம் இருந்தால் அட்டவணையோடு சரிபார், சரியென்றால் பாயிண்ட்டைத் திருப்பு, ஃபீட்பேக் வந்தபின் ரூட்டை லாக் செய், அப்புறம் சிக்னல் நிறங்களைக் கணக்கிடு, கடைசியில் எல்லா விளக்கையும் ஒரே மூச்சில் எழுது. நிறத்தை முன்னாலிருந்து பின்னாகக் கணக்கிட வேண்டும், ஸ்டார்ட்டர் முதலில், அதைப் பார்த்து ஹோம், ஹோமைப் பார்த்து டிஸ்டன்ட் (3ஆம் பதிலில் உள்ள அதே தொடர்பு). புரோகிராமின் வேறெந்த இடத்திலும் சிக்னலை நேரடியாகப் பச்சையாக்குகிற வரி இருக்கவே கூடாது. ஒவ்வொரு சுற்றிலும் எல்லா சிக்னலும் சிவப்பு என்றே தொடங்கி, தகுதி இருந்தால் மட்டும் மாற்றுங்கள். ரயிலின் முதல் சக்கரம் சிக்னலைத் தாண்டியதும் அது சிவப்பாகிவிடும், ரூட் மட்டும் ரயில் பாயிண்ட்டைக் கடந்து முடிக்கும்வரை லாக்கிலேயே இருக்கும்.

14. பாயிண்ட் திரும்பும்போது பேனல் தானா ரீசெட் ஆகுது. சில சமயம் அழுத்தாத பட்டன் அழுந்தின மாதிரி ரூட் போடுது.

ரீசெட் ஆவது சப்ளை குழிவதால், 10ஆம் பதிலில் சொன்ன தனி சப்ளை வைத்தால் நிற்கும். ரிலே அல்லது சொலினாய்டு இருந்தால் சுருளுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு இருக்கிறதா பாருங்கள்.

பேய் மாதிரி அழுந்துகிற பட்டன் நீள ஒயரின் வேலை. அழுத்தாத பட்டனின் பின்னை 5 வோல்ட்டில் பிடித்து வைக்கிற ரெசிஸ்டர்தான் புல்அப். ஆர்டுயினோவின் உள் புல்அப் பலவீனமானது, வெளியே 2.2 கிலோ ஓம் புல்அப் போடுங்கள். மோட்டார் ஒயரையும் பட்டன் ஒயரையும் ஒரே கட்டாகக் கட்டாதீர்கள். புரோகிராமில் 30 மில்லி செகண்ட் தொடர்ந்து அழுந்தினால்தான் பட்டன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

15. ரயில் போகும்போது சிவப்பு லைட் மினுக்மினுக்குங்குது, ரூட்டும் பாதியிலேயே ரிலீஸ் ஆயிடுது.

சக்கரமோ தண்டவாளமோ அழுக்கு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். கூடவே புரோகிராமில் ஒருதலைப்பட்சமாக நடந்துகொள்ளுங்கள்: ரயில் இருக்கிறது என்று சென்சார் சொன்னால் உடனே நம்புங்கள், காலி என்று சொன்னால் 2 நொடி விடாமல் சொன்னபிறகே நம்புங்கள். ரூட் ரிலீஸுக்கு ஒரு செக்‌ஷன் காலியாவதை மட்டும் பார்க்காமல், அடுத்த செக்‌ஷன் நிரம்பி அப்புறம் முந்தையது காலியானதா என்ற வரிசையையும் பாருங்கள்.

16. ரூட் போட்டாச்சு, மனசு மாறிட்டேன். உடனே கேன்சல் பண்ணலாமா?

சிக்னலை உடனே சிவப்பாக்கலாம், ரூட்டை உடனே விடுவிக்கக் கூடாது. பச்சையைப் பார்த்துவிட்டு வேகமாக வந்துகொண்டிருக்கும் டிரைவரால் சட்டென நிற்க முடியாது, அவர் பாயிண்ட் மேல் ஏறும் நேரத்தில் அது திரும்பினால் என்ன ஆகும்? அதற்காகத்தான் அசலில் ரூட்டைக் கேன்சல் செய்தால் 120 நொடி காத்திருந்தே விடுபடும், எத்தனை முறை இப்படிச் செய்தார்கள் என்று ஒரு கவுன்ட்டரும் எண்ணும். மாடலில் 15, 20 நொடி போதும். அந்த நேரத்தில் பாதை விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் பார்க்கிறவர்களுக்கும் புரியும்.

17. கரண்ட் போய்ட்டு வந்தா பேனல் எப்படி எழுந்திருக்கணும்?

எல்லா சிக்னலும் சிவப்பு, எந்த ரூட்டும் இல்லை, எந்தப் பாயிண்ட்டும் அசையக் கூடாது. பாயிண்ட்டின் கடைசி நிலையை இஇப்ராமில் (கரண்ட் போனாலும் அழியாத ஆர்டுயினோவின் நினைவகத்தில்) எழுதி வைத்து, செர்வோவை அதே நிலையில் எழுப்புங்கள். மாறியபோது மட்டும் எழுதுங்கள், ஒவ்வொரு இடமும் 1 லட்சம் முறை எழுதத்தான் உத்தரவாதம் உள்ளது, புரோகிராம் லூப்பில் சும்மா எழுதிக்கொண்டே இருந்தால் அது சில நிமிடங்களிலேயே தீர்ந்துவிடும்.

18. பேனல் ஒரு ரூம்ல, லேஅவுட் அடுத்த ரூம்ல. அம்பது ஒயர் இழுக்கணுமா?

வேண்டாம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆர்டுயினோ, நடுவே மேக்ஸ்485 சிப் வைத்து ஆர்எஸ்485 இணைப்பு, முறுக்கிய ஜோடி ஒயரும் ஒரு கிரவுண்டும். லேன் கேபிளே போதும். சிப்புகளை இணைக்கிற ஐ2சி என்ற இன்னொரு முறை பலகைக்குள் ஓடத்தான் உருவானது, அறை விட்டு அறை இழுக்காதீர்கள். இன்டர்லாக்கிங் லேஅவுட் பக்கத்து ஆர்டுயினோவில் இருக்கட்டும், பேனல் பக்கம் வெறும் பட்டனும் விளக்கும். ஒரு நொடிக்கு மேல் பேனலில் இருந்து செய்தி வரவில்லையென்றால் லேஅவுட் பக்கம் தானாகவே எல்லா சிக்னலையும் சிவப்பாக்க வேண்டும்.

19. ஜேஎம்ஆர்ஐ இலவசமா இருக்கே, ஸ்கிரீன்லயே பேனல் வரையலாமே?

வரையலாம், மாடல் ரயிலைக் கணினியில் இருந்து இயக்குகிற நல்ல மென்பொருள், டிசிசி (ரயில்களை டிஜிட்டலாகக் கட்டுப்படுத்தும் முறை) வைத்திருப்பவர்களுக்கு மிகவும் உதவும். பெரிய லேஅவுட்டுக்கு நானும் அதையே சொல்வேன். சென்சாரும் ஃபீட்பேக்கும் அதற்கும் வேண்டும் என்பதால் 9, 11இல் சொன்ன வேலை எப்படியும் மிச்சமாகாது. ஆனால் விரலுக்கு அடியில் பட்டன் அழுந்தி, பாதை நெடுக வெள்ளை விளக்கு ஓடி, கடைசியில் சிக்னல் மஞ்சளாவதை மவுஸில் பார்க்க முடியாது.

20. ரெண்டு பக்கத்துல இருந்தும் ஒரே நேரத்துல ரயில் உள்ள விடலாமா, ஒண்ணு மெயினுக்கு, ஒண்ணு லூப்புக்கு? லைன் வேற வேறதானே?

13ஆம் பதிலின் அட்டவணைப்படி பார்த்தால் தடை எதுவும் இல்லாதது போலத் தெரியும். ஆனால் மெயினுக்கு இடமிருந்து வருகிற ரயில் ஸ்டார்ட்டரில் நிற்கத் தவறி கொஞ்சம் முன்னே போனால் நேரே வலது பாயிண்ட் மேல் ஏறும், அங்கேதான் எதிர் ரயில் லூப்புக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். இதற்காகத்தான் அசலில் சிக்னலைத் தாண்டி 120 மீட்டர் ஓவர்லாப், அதாவது காலியான பாதை, கேட்கிறார்கள். அந்த இடம் இல்லாத ஸ்டேஷனில் ஒரு ரயிலை உள்ளே நிறுத்தியபிறகே இன்னொன்றுக்கு ஹோம் எடுப்பார்கள், அல்லது நிற்கத் தவறும் ரயிலைப் பிடிக்க மணல் மேடு வைத்திருப்பார்கள். மாடலிலும் உள்ளே வரும் நான்கு ரூட்டின் வரிகளில் எதிர்ப் பக்கத்துப் பாயிண்ட் செக்‌ஷனையும் "காலியாக இருக்க வேண்டும்" பட்டியலில் சேருங்கள், எதிர் ஹோமைத் தடைப் பட்டியலில் போடுங்கள்.

21. லூப்ல ரயில் முழுசா உள்ள இருக்குன்னு பேனல் சொல்லுது, ஆனா மெயின்ல போற இன்ஜின் அதோட கடைசிப் பெட்டில உரசுது.

செக்‌ஷன் வெட்டு தப்பான இடத்தில் இருக்கிறது. இரண்டு பாதையும் ஒன்றையொன்று உரசாமல் பிரிகிற புள்ளி ஃபவுலிங் மார்க். சென்சார் சக்கரத்தைத்தான் பார்க்கிறது, பெட்டியின் உடம்பு கடைசிச் சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும், எல்எச்பி பெட்டியில் அது சுமார் 3 மீட்டர், எச்ஓவில் 35 மில்லிமீட்டர். எனவே வெட்டை ஃபவுலிங் மார்க்கில் இருந்து லூப்பின் உள்பக்கமாகக் குறைந்தது 4 சென்டிமீட்டர் தள்ளிப் போடுங்கள். உங்களிடம் உள்ளதிலேயே நீளமான பெட்டியை லூப்பில் நிறுத்தி, அகலமான இன்ஜினைக் கையால் மெயினில் தள்ளிப் பார்த்து, விரல் நுழைகிற இடைவெளி இருந்தால் தண்டவாளத்தை வெட்டுங்கள்.